நல்ல மிராசுதாரும் மின்னல் பெண்ணும்

பதின்பருவத்தினருக்கான ஆங்கில நாவல்கள் விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள். அக்கா மகள் ஒரு கட்சி, மற்ற எல்லாரும் எதிர்க்கட்சி. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குக் கல்லூரி போய்வரும் பஸ் நேரம் முழுவதையும் அவள் இந்த நூல்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். பாழடைந்த எதிர்காலம், கொடுங்கோல் அரசு, மந்திர சக்தி, பதினேழு வயதுப் பெண், அவளைச் சுற்றி இரண்டு மூன்று இளைஞர்கள். அட்டையைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடலாம் என்று நான் கேலி செய்வது வழக்கம். "அட்டையைப் படித்தது போதும் மாமா. உள்ளே இருப்பதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்" என்று அவள் கொண்டுவந்து வைத்ததுதான் விக்டோரியா அவெயார்டின் 'ரெட் குவீன்'.

படித்தேன். அடுத்த மூன்று பாகங்களையும் வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று 1931-இல் எழுதி வைத்தவர் நம்முடைய சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். பயிர்க்கடன் விண்ணப்பங்களோடு காலம் தள்ளிய, ஐம்பதைத் தாண்டிய ஒரு கூட்டுறவு வங்கி ஊழியன் இந்த நாவலுக்கு உரிய வாசகன் என்று அவரே ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம். இருந்தாலும், இதில் வரும் அரண்மனைக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வேறு பெயரில், வேட்டி துண்டோடு.

இனி கதையின் முடிச்சுகளை அவிழ்க்கப் போகிறேன். அவிழாமல் படிக்க விரும்புகிறவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

நாவல் 2015 பிப்ரவரியில் வந்தது. ஆசிரியருக்கு அதுதான் முதல் நூல். திரைக்கதை எழுதுவதைக் கல்லூரியில் பாடமாகவே படித்தவர் அவர். அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நார்ட்டா என்றொரு நாடு. மனிதர்கள் இரத்தத்தின் நிறத்தால் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். வெள்ளி நிற இரத்தம் ஓடுகிறவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு சக்தி: நெருப்பு, நீர், இரும்பு, பயிர் பச்சை, அடுத்தவர் மனம். சிவப்பு இரத்தக்காரர்கள் உழைக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குள் ஒரு தொழிலில் அமராவிட்டால், நூறாண்டுக்கு மேலாக நடக்கும் போருக்கு அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மேர் பாரோ ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிக்பாக்கெட் அடிக்கும் பெண். அரண்மனைக்குப் பணிப்பெண்ணாகப் போன இடத்தில், பட்டத்து இளவரசனுக்கு மணப்பெண் தேர்ந்தெடுக்கும் போட்டியின் நடுவே, மின்சாரத் தடுப்பின் மேல் தவறி விழுகிறாள். சாகவில்லை. அவள் கையிலிருந்தே மின்னல் கிளம்புகிறது. சிவப்பு இரத்தத்தில் சக்தி இருப்பது ஊருக்குத் தெரிந்தால் ஆட்சியே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே அவள் ஒரு வெள்ளித் தளபதியின் மகள், தெரியாமல் சிவப்புக் குடும்பத்தில் வளர்ந்துவிட்டாள் என்று கதை கட்டி, இளைய இளவரசன் மேவனுக்கு நிச்சயம் செய்துவிடுகிறார்கள். அவள் மனமோ மூத்தவன் கேல் பக்கம் சாய்கிறது.

இரத்த நிறம் என்ற கற்பனையின் கெட்டிக்காரத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரண்மனையில் வேடம் போட்டு வாழும் மேர், ஒவ்வொரு நாளும் முகத்தில் அப்பிய பூச்சோடுதான் வெளியே வர வேண்டும். காதல் கதைகளில் நாயகியின் கன்னம் எத்தனை ஆயிரம் முறை சிவந்திருக்கும்! இங்கே கன்னம் சிவந்தால் உயிர் போகும். பயிற்சிக் களத்தில் ஒரு சிராய்ப்பு ஏற்பட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். காதலின் அடையாளமும் சாதியின் அடையாளமும் ஒரே தோலுக்கு அடியில் இருக்கின்றன. அரசியலையும் காதலையும் தனித்தனிக் கூடைகளில் வைத்து மாற்றி மாற்றி நீட்டும் நாவல்கள் இந்த வகையில் ஏராளம். அவெயார்ட் இந்த ஓர் இடத்தில் இரண்டையும் பிரிக்க முடியாதபடி முடிந்திருக்கிறார்.

அதே கற்பனைதான் நாவலின் பெரிய ஓட்டையும்.

வெள்ளிகள் உண்மையிலேயே வேறு மாதிரியானவர்கள். அவர்களால் இரும்பை வளைக்க முடியும், நெருப்பைக் கையில் ஏந்த முடியும். தாங்கள் பிறப்பால் மேலானவர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில், கதைக்குள்ளே, ஓரளவு உண்மை இருக்கிறது. கீழத்தஞ்சையில் பிறந்த ஒருவனால் இதை எளிதில் தாண்டிப்போக முடியவில்லை. இங்கே பண்ணையார் இரத்தமும் பண்ணையாள் இரத்தமும் ஒரே நிறம். நிறம் ஒன்றாக இருந்ததால்தான் சாணிப்பாலும் சவுக்கடியும் தேவைப்பட்டன. தோளில் துண்டு போடக்கூடாது, தெருவில் செருப்புப் போடக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைவூட்ட வேண்டியிருந்தது. இல்லாத வித்தியாசத்தைக் காப்பாற்றுவதற்கு அத்தனை கொடுமை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டபோது, தகராறு கூலியாக அளக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலும், சங்கத்தில் சேர்ந்ததிலும் தொடங்கியதுதான். மேல்முறையீட்டில் குற்றவாளிகள் விடுதலையானார்கள். அவர்களைக் காப்பாற்ற எந்த மந்திரமும் வேண்டியிருக்கவில்லை. தீர்ப்புத் தாள் போதுமானதாக இருந்தது.

நாவலில் ஆள்கிறவர்களுக்கு உண்மையான சக்தி இருப்பதால், எதிர்ப்பவர்களுக்கும் சக்தி கொடுத்தாக வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு வந்துவிடுகிறது. மேரைப் போல வேறு சிவப்பர்களும் சக்தியோடு பிறந்திருக்கிறார்கள் என்று முதல் பாகத்திலேயே தெரியவருகிறது. இரண்டாம் பாகம் அவர்களைத் தேடி ஓடுவதிலேயே போகிறது. அவர்கள் வெள்ளிகளைவிட வலிமையானவர்களாம். சக்தி இல்லாமல் பிறந்த சாதாரணச் சிவப்பர் என்ன செய்வார்? பின்னணியில் நின்று சாவார். கர்நாடகத்தில் பிறந்து இந்த மண்ணுக்கு வந்து, வயல் வயலாக நடந்து சங்கம் கட்டிய பி. சீனிவாசராவிடம் மின்னல் இல்லை. அவர் பின்னால் நின்ற பண்ணையாள்களிடம் அரிவாளும், அறுவடை நாளும்தான் இருந்தன. முற்றிய கதிர் வயலில் நிற்கும்போது வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்வது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நார்ட்டாவில் ஒட்டுமொத்த உழைப்பும் சிவப்பர்கள் கையில் இருக்கிறது. ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாடு நின்றுபோகும். கிளர்ச்சிக் குழுவின் திட்டமோ குண்டுவெடிப்பிலும் படுகொலைப் பட்டியலிலும் தொடங்குகிறது.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் உடனே மடக்கினாள். "அவர்கள் அவ்வளவு பெரிய தெய்வங்கள் என்றால், மாதா மாதம் எல்லாரையும் அரங்கத்துக்கு இழுத்துவந்து சண்டையைக் காட்டுவது எதற்கு மாமா?"

நியாயமான கேள்வி. நாவல் தொடங்குவதே அந்தக் காட்சியோடுதான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வெள்ளிகள் அரங்கில் மோதுவார்கள்; சிவப்பர்கள் கட்டாயம் வந்து உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். பொழுதுபோக்கு என்று பெயர். நாங்கள் யார், நீங்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் செய்தி. இந்தக் கோணத்தில் பார்த்தால், சக்தியைவிட சக்தியைக் காட்டுவதுதான் ஆட்சி என்று ஆசிரியருக்கும் தெரிந்திருக்கிறது. மேரைப் பற்றிய பொய்க் கதையை அரசு ஜோடித்து ஒளிபரப்பும் பகுதியும் இதே இழையில் பின்னப்பட்டது. நல்ல நூல் ஒன்று இதற்குள்ளே இருக்கிறது. சண்டைக் காட்சிகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

கேலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கேல் நல்லவன். மேர் அவனிடம் பிக்பாக்கெட் அடிக்கப்போய் மாட்டிக்கொள்ளும்போது, காவலரிடம் கொடுக்காமல் கையில் காசு வைத்து அனுப்புகிறான். அவளைப் போரிலிருந்து காப்பாற்ற அரண்மனையில் வேலைக்கும் ஏற்பாடு செய்கிறான். தன் குடிமக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று இரவில் மாறுவேடத்தில் போய்ப் பார்க்கிறான். பார்த்து வருந்துகிறான். ஆனால் சட்டத்தை மாற்று என்று கேட்டால், அதனால் நாடு உடையும், இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்கிறான். படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இவனை எனக்குத் தெரியும். இவன்தான் எங்கள் ஊர் நல்ல மிராசுதார்.

என் தாத்தா குத்தகைக்கு உழுத நிலத்தின் சொந்தக்காரர் அப்படிப்பட்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். தீபாவளிக்குத் துணி, வீட்டில் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூண்டு வண்டி, பையன்களில் ஒருவனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது என்று ஆனது. தாத்தா களத்து மேட்டில் நின்று அந்தக் கணக்கைக் கேட்டார். மிராசுதாருக்குக் கோபம்கூட வரவில்லையாம். "உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்று கண் கலங்கிக் கேட்டாராம். அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளிடம் போய்விட்டது. அந்தக் கண்ணீர் பொய் என்று தாத்தா கடைசிவரை சொன்னதில்லை. அவருக்கும் கண் கலங்கியதாகத்தான் பாட்டி சொல்வாள்.

கேலின் காதலை அவெயார்ட் சரியாக இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார். கொடுப்பதில் அவனுக்குக் கஞ்சத்தனமே இல்லை. கேட்பதுதான் அவனுக்குப் புரியாது. மூன்றாம் பாகத்தின் முடிவில் கிரீடமா, மேரா என்ற நிலை வரும்போது அவன் கிரீடத்தைத் தேர்ந்தெடுக்கிறான். வில்லத்தனம் எதுவும் இல்லாமல், உண்மையான வருத்தத்தோடு. முதல் பாகத்தில் கொடுத்த காசுக்கும் இங்கே எடுக்கும் கிரீடத்துக்கும் நடுவில் ஒரு முரணும் இல்லை. காதல் பகுதிகளைத் தள்ளிவிட்டு அரசியலை மட்டும் படிக்கலாம் என்று இறங்கும் என் போன்ற ஆள்களுக்கு இது பாடம். இந்த நாவலில் அரசியல் கூர்மையாக இருப்பது காதல் பக்கங்களில்தான். போர்ப் பக்கங்கள் மழுங்கலாகவே கிடக்கின்றன.

மேவன் விஷயம் வேறு. அண்ணனின் நிழலில் வளர்ந்த, யாரும் கண்டுகொள்ளாத இளையவன். தானும் கிளர்ச்சிக் குழுவில் சேர்வதாக மேரிடம் சொல்கிறான். போர்முனையில் இறந்துபோன ஒரு சிவப்பு நண்பனைப் பற்றிச் சொல்கிறான். இந்த வகை நாவல்களில் ஊறிய வாசகிக்கு இந்த முக்கோணத்தின் இலக்கணம் அத்துப்படி: ஒளிவீசும் மூத்தவனா, புண்பட்ட இளையவனா என்று அவள் கட்சி கட்டத் தொடங்கிவிடுவாள். ஆசிரியர் குறிவைப்பது அந்தப் பழக்கத்தைத்தான். கடைசியில் மேவன் தொடக்கம் முதலே தன் தாய் எலாராவோடு சேர்ந்து நடித்தவன் என்று தெரிகிறது. எலாரா கேலின் மனத்தைப் பிடித்து, அவன் கையாலேயே தந்தையின் தலையை வெட்ட வைக்கிறாள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பஸ் வழியில் வடுவூர் ஏரி வந்து போனதே தெரியவில்லை என்றாள் அக்கா மகள். நான் வீட்டுத் திண்ணையில் படித்தேன்; எனக்குக் காபி ஆறியது.

திருப்பம் அபாரம். அதற்குக் கொடுத்த விலைதான் உறுத்துகிறது. மேர் தெருவில் வளர்ந்தவள், ஒருவரையும் நம்பாதவள் என்று முதல் பத்துப் பக்கத்தில் அடித்துச் சொல்கிறார்கள். அவளுடைய ஆசிரியர் ஜூலியன் வேறு, யாரும் யாருக்கும் துரோகம் செய்யலாம் என்று எச்சரிக்கிறார். மகாராணியோ மனத்துக்குள் புகுந்து படிக்கிறவள். அவள் பெற்ற மகன் அதே அரண்மனையில் இருந்துகொண்டு கிளர்ச்சிக் குழுவில் சேர்வது எப்படிச் சாத்தியம்? இந்தக் கேள்வியை மேர் ஒருமுறை அழுத்திக் கேட்டிருந்தால் கதை பாதியிலேயே முடிந்திருக்கும். அவள் கேட்பதில்லை. ஆசிரியர் கேட்க விடுவதில்லை. தன்மையில், நிகழ்காலத்தில் கதை ஓடுவதால் அவளோடு சேர்ந்து மூச்சிரைத்துக்கொண்டு நாமும் ஓடிவிடுகிறோம். நின்று யோசித்தால்தான் தெரிகிறது.

அவளுடைய ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டில்ட்ஸ் ஆற்றங்கரை ஊர். வெள்ளத்துக்குப் பயந்து வீடுகளைக் கம்பங்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். மேட்டூர் நிரம்பி உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடும்போதெல்லாம் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயரும் படுகை மக்களைப் பார்த்தவன் என்பதால், ஆவலோடு அந்த ஊருக்குள் நுழைந்தேன். ஊர் வெறும் திரைச்சீலையாக இருக்கிறது. மேரின் தோழன் கிலோர்ன் மீனவரிடம் தொழில் பழகுகிறவன். வலையின் ஈரமோ மீன் கவிச்சியோ பக்கங்களில் எங்கும் இல்லை. சேறும் வறுமையும் உண்டு, வேலை இல்லை. நாட்டுக்குச் சோறு போடுகிறவர்கள் யார் என்று முதல் பாகத்தில் தேடிப் பாருங்கள்.

தண்ணீரை ஆளும் வெள்ளிக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆற்றைச் சுருட்டி எடுத்து எதிரியின் மேல் அடிப்பார்கள், மூக்கில் ஏற்றி மூழ்கடிப்பார்கள். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் தண்ணீரை வைத்து ஒரு நாட்டை மண்டியிட வைக்க இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? விடாமல் இருந்தால் போதுமே. மேட்டூரில் ஜூன் 12-க்குத் திறக்க வேண்டிய மதகு திறக்கவில்லை என்றால் குறுவை இல்லை. அந்தத் தேதி எட்டு ஆண்டுகள் தொடர்ந்து தவறி, 2020-இல்தான் மறுபடி வாய்த்தது. அந்த ஆண்டுகளில் எங்கள் வங்கிக் கவுண்டருக்கு வந்த முகங்கள் எனக்குத் தெரியும். ஏரி நாடு என்றே பெயர் வைத்திருக்கும் எதிரி நாட்டோடு நூறாண்டுப் போர் நடக்கிறது என்று எழுதிவிட்டு, மேல்மடை கீழ்மடை என்ற கணக்கு ஒருமுறைகூடக் கதையை ஆட்டிவைக்கவில்லை என்றால், அது கற்பனை போதாமை.

அந்தக் கற்பனை ஆசிரியரிடம் இல்லாமலும் இல்லை. முதல் பாகத்தில், அரச குடும்பம் கோடை அரண்மனையிலிருந்து தலைநகருக்கு ஆற்றில் கப்பலில் போகும்போது ஒரு தொழிற்சாலை நகரத்தைக் கடக்கிறது. பிறந்ததிலிருந்து சாகும்வரை புகைக்குள் வேலை செய்யும் சிவப்பர்கள். நகரத்தைச் சுற்றிப் பச்சை வளையமாக மரங்கள். தாவரங்களை ஆளும் வெள்ளிகள் வளர்த்தவை அவை; புகை வெளியே போய்ப் பெரியவர்கள் மூச்சில் கலந்துவிடாமல் உள்ளேயே தடுத்து வைக்கத்தான் அந்த மரங்கள். ஒரு வாளும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. மந்திரம், ஆட்சி, உழைப்பு மூன்றும் ஒரு தோப்புக்குள் அடங்கிவிடுகின்றன. மின்சாரத்துக்கு ரேஷன் சீட்டு வாங்கிக் காத்திருக்கும் குடும்பத்தில் மின்னலே பிறந்துவிடுகிறது என்பதும் அதே தரம். இப்படி இன்னும் பத்துப் பக்கம் இருந்திருந்தால் அக்கா மகளின் கட்சியில் நானும் சேர்ந்திருப்பேன்.

பெண் பாத்திரங்கள் முதல் பாகத்தில் பாவம். மேருக்கு மற்ற பெண்கள் யாரையும் பிடிக்காது. தங்கையின் தையல் திறமை மீது பொறாமை, அரண்மனைப் பெண்கள் மீது வெறுப்பு. இரும்பை ஆளும் எவாஞ்செலின் வரும்போதெல்லாம் உதட்டைச் சுழித்து, முறைத்து, அடிக்கக் கை ஓங்குகிறாள். நாடகக் கம்பெனி வில்லிக்கு இருக்கும் நெளிவு சுளிவுகூட அவளுக்கு இல்லை.

மூன்றாம் பாகத்தில் அவளுக்குக் கதை சொல்லும் வாய்ப்பைக் கொடுக்கிறார் ஆசிரியர். உடனே புத்தகமே வேறாகிவிடுகிறது. அவள் மனம் எலேன் என்ற பெண்ணிடம் இருக்கிறது. அப்பா அவளை ராணியாக்கியே தீர்வது என்று ஓர் அரசனை விட்டு இன்னோர் அரசனிடம் நகர்த்திக்கொண்டே இருக்கிறார். அதிகாரத்தின் உச்சியில் பிறந்து, தன் கல்யாணத்தைத் தான் தீர்மானிக்க முடியாத பெண். டெல்டாவின் பெரிய வீட்டுத் திண்ணைகளுக்குப் பின்னால் இருந்த பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் அவளை அடையாளம் தெரியும். நான்கு பாகங்களிலும் சிறந்த பக்கங்கள் அவள் பேசுபவைதான் என்பது என் தீர்ப்பு. முதல் பாகத்திலேயே ஓர் அத்தியாயம் அவளுக்குக் கொடுத்திருந்தால், மேவனின் துரோகத்துக்காக மேரை முட்டாளாக்க வேண்டிய அவசியமும் குறைந்திருக்கும். அரண்மனையை உள்ளிருந்து பார்க்க இன்னொரு கண் கிடைத்திருக்கும்.

அக்கா மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பாகத்தில் எவாஞ்செலினை வெறுத்தவர்களுக்குத்தான் நான்காம் பாகத்தில் அவளுக்காக அழ முடியும் என்கிறாள். அந்த வாதத்தோடு 'ரெட் குவீனை' என் கையிலிருந்து வாங்கிப் போய் அவள் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். சின்னவளுக்கு வயது பதினான்கு. அரங்கத்து இரத்தமும் தலை வெட்டும் காட்சியும் அந்த வயதுக்குக் கொஞ்சம் அதிகம் என்றேன். அவள் அந்தப் பக்கங்களை ஏற்கெனவே தாண்டிவிட்டாளாம். மேவன் கட்சியில் இருக்கிறாளாம்.